பெயர் சொல்ல வேண்டிய கடன்

குடுமியான்மலையில், மேலைக்கோயில் என்று சொல்லப்படும் குடைவரையை ஒட்டிய பாறையில் ஓர் இசைப்பாடம் வெட்டப்பட்டிருக்கிறது. எழுத்து பல்லவ கிரந்தம், காலம் ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். ஏழு பிரிவுகளாகச் சுரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். முடிவில், இதைச் செய்தது யார் என்று ஒரு குறிப்பு: ருத்ராசாரியர் என்பவரின் மாணவன், பரம சிவபக்தன், ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தான். அரசனின் பெயர் மட்டும் இல்லை. மகேந்திரவர்மன்தான் என்பார் உண்டு, மறுப்பாரும் உண்டு. எனக்கு அந்த வழக்கில் அக்கறை குறைவு. நாட்டை ஆண்டவன், கல்தச்சர்களை வேலைக்கு வைத்திருந்தவன், ஆசிரியரின் பெயரை வெட்டச் சொல்லிவிட்டுத் தன் பெயரை விட்டிருக்கிறான். அதில்தான் என் மனம் நிற்கிறது.

நான் புதுக்கோட்டையில் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். என் பணிக்காலத்தின் பிற்பகுதி படிவங்களால் நிரம்பியது. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு புள்ளிமுறையைக் கொண்டுவந்த பிறகு, ஆசிரியரின் பதவி உயர்வில் கட்டுரைகளின் எண்ணிக்கையும் புள்ளிகளாக ஏறியது. எத்தனை பப்ளிகேஷன், எத்தனை சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் என்ன? இந்தக் கடைசி எண்ணை 2005-இல் சொன்னவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவரின் பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது பிறரால் எடுத்தாளப்பட்டிருந்தால் அவருடைய எண் பத்து. ஒரு மனிதரின் ஆராய்ச்சி வாழ்வு முழுவதும் ஓர் எண்ணுக்குள் வந்துவிடுகிறது.

இதைக் கண்டு சலித்துக்கொள்ளும் நண்பர்கள் உடனே கீதையிடம் போவார்கள். கடமையைச் செய், பலனை விடு. பெயரும் பலன்தானே, அதையும் விடு என்பார்கள். எனக்கு இந்தப் பதில் பாதிதான் சரியாகப் படுகிறது. என் பெயரை விட எனக்கு உரிமை உண்டு. இன்னொருவரின் பெயரை விட எனக்கு ஏது உரிமை? குடுமியான்மலை அரசன் தன் பெயரைத் துறந்தான். ருத்ராசாரியரின் பெயரைத் துறக்கவில்லை.

நம் மரபு புகழை இழிவாக நினைத்ததும் இல்லை. வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நட்டவர்கள் நாம். வள்ளுவர் புகழுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். அதை வைத்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஈகை இருபத்து மூன்றாவது, அடுத்ததுதான் புகழ். கொடுத்ததற்குப் பின்னால் வருவது அது. செய்ந்நன்றியறிதலோ இவை இரண்டுக்கும் வெகு முன்னே, பதினோராவது அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. கட்டுரையின் கடைசியில் நாம் போடும் மேற்கோள் பட்டியல் இந்தப் பதினோராவது அதிகாரத்தைச் சேர்ந்தது என்பது என் எண்ணம். யாரிடமிருந்து எதைப் பெற்றேன் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் அது. ரிஷிகடன், பித்ருகடன், தேவகடன் என்று மூன்று சொல்கிறார்களே, அதில் முதலாவதை ஆராய்ச்சியாளர் எழுத்தில் தீர்க்கும் இடமும் அதுதான். எனக்குப் பிறர் காட்டும் நன்றியை நானே எண்ணி வரவு வைக்கத் தொடங்கும் நாளில் அது கெட்டுப்போகிறது.

என் மாணவர் ஒருவர் ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினார். மதிப்பாய்வாளர் திருத்தங்களோடு ஐந்து கட்டுரைகளின் பட்டியலையும் அனுப்பி, அவற்றை மேற்கோள் காட்டும்படி எழுதியிருந்தார். ஐந்திலும் ஒரே பெயர் இருந்தது. எங்கள் ஆய்வுக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. "போட்டுட்டா என்ன மேம், அஞ்சு வரிதானே" என்றார் மாணவர். அவருக்குக் கட்டுரை வெளிவந்தாக வேண்டியிருந்தது, அது வராமல் பட்டம் கிடைக்காது என்பது அன்றைய விதி. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் படிக்காத ஒன்றிலிருந்து கற்றுக்கொண்டேன் என்று எழுதுவது பொய்ச்சாட்சி என்றேன். நாங்கள் போடவில்லை. கட்டுரை வேறோர் இதழில் தாமதமாக வந்தது.

சுப்பாராவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. உயிர்வேதியியல் படித்த எவருக்கும் பிஸ்கே–சுப்பாராவ் முறை தெரியும். மாலிப்டேட் கரைசலை விட்டு, ஆன்சா என்ற வேதிப்பொருளைச் சேர்த்ததும் சோதனைக் குழாயில் நீலம் ஏறும். நீலத்தின் அடர்த்தியைக் கலோரிமீட்டரில் அளந்தால் பாஸ்பரஸ் எவ்வளவு என்று தெரியும். 1925-இல் வந்த கட்டுரை அது. எல்லாப்ரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ராமகிருஷ்ண மடத்தில் துறவியாகச் சேர விரும்பினார், தாய் சம்மதிக்கவில்லை. உடன்பிறந்தவர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல்நோய் கொண்டுபோனது. பின்னாளில் அவர் அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தின் ஆராய்ச்சியை நடத்தியபோது, அவருடைய குழு 1945-இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. ஸ்ப்ரூவுக்கு அதுவே மருந்தாயிற்று. அந்த வேலையின் கட்டுரையில் பெயர்கள் நீளமாக வரும். முதற்பெயர் ஆங்கியர் என்பவருடையது, சுப்பாராவ் பலரில் ஒருவர். ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி அவர் தலைமையில் இருந்த ஆய்வகத்தில் கிடைத்தது. அதை அறிவித்த கட்டுரை டக்கர் பெயரில் வந்தது. கண்டெடுத்தவர் டக்கர்தான், அதில் தவறில்லை.

போலிக் அமிலத்துக்கு எதிராக வேலைசெய்யும் அமினோப்டெரினும் மெதோட்ரெக்சேட்டும் அதே ஆய்வகத்திலிருந்து வந்தவை. 1948 ஜூனில் பாஸ்டனின் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்ததையும், அவர்களில் 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்ததையும் எழுதினார். அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். வயது 53. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கான மருந்துகளில் மெதோட்ரெக்சேட் இன்றும் இருக்கிறது.

என் அம்மாவுக்கு முடக்குவாதம். வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெதோட்ரெக்சேட். மற்ற நாட்களில் போலிக் அமிலம். மெதோட்ரெக்சேட்டைத் தவறித் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் தினசரிக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறார். ஒன்றையொன்று எதிர்க்கும் இரண்டு மாத்திரைகளும் ஒரே ஆய்வகத்தின் பிள்ளைகள். எந்த அட்டையிலும் சுப்பாராவ் பெயர் இல்லை. சீட்டெழுதும் மருத்துவர் அவரை மேற்கோள் காட்டுவதில்லை; காட்டத் தேவையும் இல்லை. ஓர் அறிவு எல்லோருடைய கையிலும் புழங்கத் தொடங்கியதும் அதன் மூலத்தைச் சொல்வது நின்றுபோகிறது. பெரிய கொடைகள் இப்படித்தான் கணக்கிலிருந்து மறைகின்றன. கணக்கில் மேலே நிற்பவை பெரும்பாலும் செய்முறைக் கட்டுரைகள். உலகில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்டது புரதத்தை அளக்க லௌரி 1951-இல் எழுதிய கட்டுரை. மூன்று லட்சத்துக்கும் மேல். அது ஒன்றும் பெரிய கட்டுரை இல்லை என்று அவரே பின்னாளில் சொன்னார். நேர்மையான மனிதர்.

ஆக, அந்த எண் பொய் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. 1964-இல் யூஜின் கார்ஃபீல்டு சைட்டேஷன் அட்டவணையைத் தொடங்கியபோது, ஒரு கருத்து யார் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று தேடிப் பிடிப்பதற்கான வழியாக அது இருந்தது. நல்ல வேலை. நானே எத்தனையோ கட்டுரைகளை அப்படித் தேடி அடைந்திருக்கிறேன். வழிகாட்டியாக இருந்ததைத் தராசாக்கி, தராசில் மனிதரை ஏற்றியதில்தான் கோளாறு. தராசில் ஏற்றப்பட்டவர் எடை கூட்டத்தான் பார்ப்பார். தன்னையே மேற்கோள் காட்டுவார். நான் உன்னை, நீ என்னை என்று கூட்டு சேருவார். ஒரு வேலையை ஐந்தாக வெட்டி ஐந்து கட்டுரை ஆக்குவார். பயத்தில் செய்கிறார்கள், பேராசையில் செய்பவர்களும் உண்டு.

இதைவிட என்னை அலைக்கழிப்பது வேறு. எந்தப் பட்டியலிலும் சேர்க்கவே முடியாத கடன் ஒன்று மருத்துவ ஆராய்ச்சியில் இருக்கிறது. 1951-இல் பால்டிமோரில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் செல்கள், அவரைக் கேட்காமல் எடுக்கப்பட்டு, உலக ஆய்வகங்களிலெல்லாம் வளர்ந்தன. குடும்பத்துக்குச் செய்தி தெரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்று சம்மதம் கேட்கிறோம், கையொப்பமோ கைநாட்டோ வாங்குகிறோம். ஆனால் பெயரை வெளியிடக் கூடாது, அது அறவிதி, சரியான விதியும்கூட. என் மாணவர்களுக்கு ரத்தம் கொடுத்த சர்க்கரை நோயாளிகள் ஆய்வேட்டில் எண்களாக மட்டுமே இருக்கிறார்கள்.

ஆடி அமாவாசைக்கு மணமேல்குடிக் கடற்கரையில் தர்ப்பணம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்லி எள்ளும் நீரும் விடுவார்கள். அதோடு முடியாது. பெயர் தெரியாதவர்கள், கோத்திரம் தெரியாதவர்கள், நீர்விட ஆளில்லாதவர்கள் எல்லோருக்குமாக ஒருமுறை விடுவார்கள். அவர்களிடம் நான் என்ன பெற்றேன் என்ற கணக்கு அங்கே கேட்கப்படுவதில்லை. நம் கட்டுரைகளில் முதல் பகுதி இருக்கிறது. இரண்டாவது பகுதிக்கு இடம் வைக்கவில்லை.

அதற்கு என்னால் முடிந்த வழி ஒன்றைக் கண்டேன். ஆய்வேடு முடித்த மாணவர், ரத்தம் கொடுத்தவர்களிடம் திரும்பிப் போய், என்ன பார்த்தோம், என்ன தெரிந்தது என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சிலர் தயங்கினார்கள், சிலர் மனமுவந்து போனார்கள். திருமயம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் ஓர் அம்மா, எழுத்து தெரியாதவர், அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கடைசிவரை கேட்டார். புரியாத இடத்தில் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு, தன் தம்பிக்கும் இதே தொந்தரவு இருக்கிறது, அவனுக்கும் பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றோம். அடுத்த வாரம் தம்பியை அழைத்துவந்து சோதனை செய்தோம். சர்க்கரை ஏறியிருந்தது, அன்றே மருத்துவரிடம் அனுப்பிவைத்தோம்.