கதையை எங்கே நிறுத்துவது?

ஆயர்பாடியில் விளக்கு வைத்து நெடுநேரம் ஆகிவிட்டது. தொழுவத்தில் மாடுகள் அசைபோட்டுக் கொண்டிருக்கின்றன. யசோதைக்கு உடம்பெல்லாம் அசதி. விடியற்காலையில் எழுந்து தயிர் கடைய வேண்டும். ஆனால், இந்தப் பிள்ளை தூங்கினால்தானே!

கதை கேட்டு அடம்பிடிக்கிறான் கண்ணன். யசோதையும் ராமன் கதையை எடுக்கிறாள். ராஜகுமாரன் பிறந்தது, சீதையைக் கல்யாணம் செய்து கொண்டது, தகப்பன் சொல்லை மீறாமல் காட்டுக்குப் போனது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, குழந்தை 'உம்' கொட்டிக் கொண்டே வருகிறது. 'உம்' மெள்ள மெள்ளத் தேய்கிறது. கண் செருகுகிறது. கதை பஞ்சவடிக்கு வருகிறது. ராவணன் வந்து சீதையைத் தூக்கிக் கொண்டு போகிறான்...

அவ்வளவுதான்! தூங்கப் போன பிள்ளை துள்ளி எழுந்து, லட்சுமணனைக் கூப்பிட்டுத் தன் வில்லைக் கொண்டு வரச் சொல்லிக் கூவுகிறான். பாவம் யசோதை, திகைத்துப் போகிறாள்.

லீலாசுகர் என்று போற்றப்படும் பில்வமங்களர் அருளிய ஸ்ரீகிருஷ்ண கர்ணாமிர்தத்தில் வரும் அற்புதக் காட்சி இது. 'அந்த ராமன்தான் இந்தக் கண்ணன்' என்பதற்கு இதை எடுத்துச் சொல்லாத உபன்யாசகர் இல்லை. அந்தத் தத்துவம் இருக்கட்டும். ஒரு தாயாராக இருந்து இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சீதையைப் பறிகொடுத்த இடம் வந்ததும் பரமாத்மாவுக்கே தூக்கம் கலைந்து போயிற்று என்றால், நம் வீட்டு நாலு வயதுக் குழந்தை என்ன பாடுபடும்?

ஓசூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் இந்தக் காட்சி எனக்கு நினைவுக்கு வரும். காரணம் உண்டு. 1970-களில் சிப்காட் வந்து, பிறகு லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று ஒவ்வொரு தொழிற்சாலையாகப் பெருகி, இன்று செல்போன் பாகங்கள் வரைக்கும் அங்கே தயாராகின்றன. ராத்திரி பத்து மணிக்கும் கம்பெனி பஸ் ஓடுகிற ஊர். அப்பா நைட் ஷிப்ட். பல வீடுகளில் அம்மாவும் வேலைக்குப் போகிறவர். தாத்தா-பாட்டி திருநெல்வேலியிலோ, தஞ்சாவூரிலோ இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருப்பார். ஆனால், அவர் தெலுங்கு 'அவ்வா'வாகவோ, கன்னட 'அஜ்ஜி'யாகவோ இருப்பார்! குழந்தையைத் தூங்க வைக்கிற வேலை கடைசியில் செல்போனிடம் போய்விடுகிறது.

செல்போனும் கதை சொல்லத்தான் செய்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அதிலும் ராமர் வருகிறார், அனுமார் பறக்கிறார். ஆனால், குழந்தை 'உம்' கொட்டுகிறதா என்று அது காத்திருப்பதில்லை. 'உம்' நின்றால் கதையை நிறுத்த வேண்டும், 'உம்' நடுங்கினால் கதையைத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அருகில் படுத்திருக்கிற அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

ராமாயண பாராயணம் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அன்றைய பாராயணத்தைத் துக்கமான கட்டத்தில் நிறுத்த மாட்டார்கள். தசரதர் உயிர் பிரிந்தார் என்று புத்தகத்தை மூடி வைக்கிற வழக்கம் கிடையாது. இன்னும் கொஞ்சம் படித்து, மங்களமான ஓர் இடத்துக்கு வந்த பிறகுதான் கற்பூரம் காட்டுவார்கள். பூஜை அறைக்கு உள்ள இந்த விதி, படுக்கை அறைக்கும் பொருந்தும் என்பதுதான் அடியேனின் எண்ணம்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையா? சீதையைத் தூக்கிக் கொண்டு போனதைச் சொன்னால், அதே மூச்சில் அனுமாரைக் கடல் தாண்ட வைத்து, மோதிரத்தையும் கொடுக்க வைத்துவிடுங்கள். பிரகலாதன் கதையில் தூண் பிளக்கட்டும்; சிங்கமுக சுவாமி வரட்டும்; குடல், ரத்தம் எதுவும் வேண்டாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவாமி சாந்தமானார் என்கிற இடத்துக்கு நேராகப் போய்விடலாம். நடுவே குழந்தை தூங்கிவிட்டால்? மறுநாள் காலை தலை வாரிவிடும்போது மீதியைச் சொல்லி முடித்துவிடுங்கள். பாதியில் நின்ற கதைக்கு அபிமன்யுவைத்தான் நம் பாட்டிமார்கள் உதாரணம் காட்டுவார்கள். வியாச பாரதத்தில் அபிமன்யு, 'உள்ளே நுழையும் வழியை மட்டுமே தந்தை கற்பித்தார்' என்றுதான் சொல்கிறான். செவிவழிக் கதையிலோ, கர்ப்பவதியான சுபத்திரை கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள், சக்கர வியூகத்திலிருந்து வெளியே வரும் வழியைச் சொல்லாமலே நிறுத்திவிட்டார்கள் என்று வரும்!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 'தூங்கலைன்னா சாமி கண்ணைக் குத்தும்.' இதைச் சொல்லாத வீடு எது? பூச்சாண்டிக்குப் பதிலாகச் சுவாமியை நிறுத்துகிறோம், அவ்வளவுதான். இருட்டில் துணைக்கு இருக்க வேண்டிய தெய்வத்தையே பயமுறுத்துகிற ஆளாக மாற்றிவிட்டு, பத்து வருஷம் கழித்து 'பிள்ளைக்குக் கோயிலுக்கு வர இஷ்டமே இல்லை' என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து இந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிடுங்கள்.

ஆறு, ஏழு வயதுக்கு மாயாஜாலம் வேண்டும். அதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஓசூர்க்காரர்களுக்குத் தலைக்கு மேலேயே இருக்கிறது, மலைமேல் அருளும் மரகதாம்பாள் சமேத சந்திரசூடேஸ்வரர் கோயில்.

ஈசன் ஒரு நாள் உடும்பாக மாறிவிட்டார்! சாதாரண உடும்பா? தகதகவென்று ஜொலிக்கிற உடும்பு. கயிலாயத்திலிருந்து அது கிளம்ப, அம்பாள் பின்னாலேயே துரத்துகிறாள். மலை, காடு எல்லாம் தாண்டி ஓசூர் மலைக்கு வந்து ஒளிகிறது. விடுவாளா அம்பாள்? தேடிப் பிடித்துத் தொட்டாள் பாருங்கள்... அவள் திருமேனி முழுக்க மரகதப் பச்சை! அதனால்தான் அவள் மரகதாம்பாள்.

தல வரலாறு சொல்பவரைப் பொறுத்துக் கொஞ்சம் மாறி வரும். உடும்பைப் பிடிக்க வந்த முனிவர்கள் சாபம் பெற்ற பகுதியும் உண்டு. சின்னவர்களுக்கு அது தேவையில்லை. சுவாமியும் அம்பாளும் ஓடிப் பிடித்து விளையாடியதே போதும். கதை முடிந்த பிறகு, 'நீ எதைத் தொட்டா பச்சையாகும்?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு விளக்கை அணையுங்கள். பதிலை யோசித்துக் கொண்டே தூங்கிப்போகும்.

ஏழெட்டு வயதில்தான் சிக்கலான கேள்வி வரும். 'அம்மா, நிஜமாவே சாமி உடும்பா மாறிச்சா?'

அந்த நேரத்தில் பல அம்மாக்கள், 'அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, தப்பு' என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். சிலர் 'சும்மா கதைதாண்டா' என்று கை கழுவிவிடுகிறார்கள். இரண்டுமே குழந்தையை ஏமாற்றுவதுதான். 'தல புராணத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கு. எங்க பாட்டி சொன்னாங்க, நான் உனக்குச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை மலைக்குப் போய் அம்பாளைப் பார்த்துட்டு வந்து நீயே சொல்லு' என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிற உரிமையையும் கொடுத்துவிட்டோம், தரிசனத்துக்கும் அழைத்துவிட்டோம். பொய்யும் சொல்லவில்லை.

ஒன்பது, பத்து வயதுக்கு எல்லைப்புறத்திலேயே ஒரு பொக்கிஷம் இருக்கிறது. பக்கத்து வீட்டு கன்னட அஜ்ஜியிடம் 'புண்யகோடி கதை சொல்லுங்க' என்று கேளுங்கள், முகம் மலர்ந்துவிடும். கன்னட தேசத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் நாட்டுப்பாடல் அது. பள்ளிப் பாடப் புத்தகங்களிலும் இடம்பெற்றது.

காளிங்கன் என்கிற இடையனின் மந்தையில் புண்யகோடி என்று ஒரு பசு. காட்டில் அற்புதன் என்கிற பசித்த புலியிடம் அது சிக்கிக் கொள்கிறது. 'வீட்டில் கன்று பசியோடு காத்திருக்கிறது. ஒரு வாய் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன்' என்று கெஞ்சுகிறது. புலியும் விடுகிறது. பசு கன்றிடம் போய்ப் பால் கொடுத்து, மற்றப் பசுக்களிடம் 'இனி இது உங்கள் பிள்ளை' என்று ஒப்படைத்துவிட்டு, கன்று கதறக் கதற, சொன்ன சொல்லைக் காப்பாற்றப் புலியின் குகைக்கே திரும்பி வருகிறது. அதைப் பார்த்த புலி மனம் உடைந்து போகிறது. இப்படிப்பட்டவளைக் கொன்று தின்றால் அந்தப் பாவம் எங்கே போய்த் தீரும் என்று பாய்ந்து விழுந்து தன் உயிரையே விட்டுவிடுகிறது.

இதில் புலி சாவதைச் சொல்லலாமா, கூடாதா? தாய்மார்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி உண்டு. நான் சொல்வது இதுதான். சின்னக் குழந்தை என்றால், 'போய் உன் கன்றோடு இரு' என்று புலி அனுப்பிவிட்டது என்று சொல்லி, பசுவைக் கன்றிடம் சேர்த்துவிட்டு நிறுத்துங்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் முடிவை மாற்றாதீர்கள். அழுதால் அழட்டும். 'புலி ஏன்மா சாகணும்? அது வேற எதையாவது சாப்பிட்டிருக்கலாமே?' என்று கேட்கும். கேட்கட்டும். கெட்டவன் என்று நினைத்த புலிக்காகக் குழந்தை அழுகிறதே, அது லேசான விஷயமா? ஆனால், அன்று விளக்கை உடனே அணைத்துவிடாதீர்கள். அந்தப் பேச்சு ஓய்கிற வரை பக்கத்திலேயே இருங்கள்.

எங்கே நிறுத்துவது என்கிற இதே கேள்வியைப் பெரியவர்களுக்காகக் கதை எழுதியவரும் சந்தித்திருக்கிறார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ல் பிறந்தவர் ராஜாஜி. அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. கவர்னர் ஜெனரல், முதலமைச்சர் என்று எத்தனையோ பதவி வகித்தும், பாரதக் கதையையும் ராமாயணத்தையும் எழுதியதையே தம் பணிகளில் மேலானதாக அவர் நினைத்தார். 'வியாசர் விருந்து', 'சக்கரவர்த்தித் திருமகன்' இரண்டையும் நம் அம்மாக்கள் படித்திருப்பார்கள். 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958-ல் சாகித்ய அகாடமி விருதும் பெற்றது. அத்தனை பெரிய மேதை, கர்ப்பவதியான சீதையைக் காட்டுக்கு அனுப்பும் உத்தர காண்டத்தை ஏற்கத் தம் மனம் ஒப்பவில்லை என்று சொல்லி, பட்டாபிஷேகத்தோடு கதையை முடித்துக் கொண்டார். பதினைந்து வயதுப் பெண் பிள்ளை ஒருநாள் 'சீதையை ஏன் அனுப்பினார்?' என்று கேட்டால், மழுப்ப வேண்டாம். ராஜாஜிக்கே மனசு கேட்கவில்லை என்பதை அவளிடம் சொல்லலாம்.

வளர்ந்த பிள்ளைகள் கதையா கேட்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். மார்க்கண்டேய புராணத்தில் மதாலசை என்று ஒரு மகாராணி. முதல் மூன்று பிள்ளைகளுக்கும் தாலாட்டும்போதே ஆத்ம ஞானத்தை ஊட்டினாள். மூவரும் ராஜ்யமே வேண்டாம் என்று துறவு பூண்டார்கள். ராஜா பதறிப்போய், 'நாலாவது பிள்ளையையாவது நாட்டை ஆள விடு' என்று கேட்டுக் கொண்டார். அதனால் அலர்க்கனுக்கு மட்டும் ராஜதர்மத்தைச் சொல்லி வளர்த்தாள். தாய் ஒருத்திதான், பிள்ளைக்குத் தக்கபடி சொல்வதை மாற்றினாள்!

பிள்ளைக்கு முடிசூட்டிவிட்டுக் கணவரோடு வனம் போகும்போது, அவன் கையில் ஒரு மோதிரத்தைக் கொடுத்தாள். 'தாங்க முடியாத துக்கம் வரும்போது இதைத் திறந்து பார்' என்றாள். வருஷங்கள் ஓடின. பகைவர் நகரத்தை வளைத்துக் கொண்டு, கஜானாவும் காலியாகி, அலர்க்கன் ஒடிந்து போன நாளில்தான் அந்த மோதிரம் நினைவுக்கு வந்தது. உள்ளே பொடி எழுத்தில் அம்மாவின் வார்த்தை இருந்தது. பற்றை விட்டுவிடு, முடியவில்லையா, நல்லவர்களைப் பற்றிக்கொள், அதுவே மருந்து என்று. அதைப் படித்துத்தான் அவன் தத்தாத்ரேயரைத் தேடிப் போனான்.

ஹாஸ்டலுக்குக் கிளம்பும் பிள்ளைக்குப் பெட்டி கட்டும் இரவில் சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியவில்லை. மோதிரம் கிடைத்த இடத்திலேயே நிறுத்திக் கொண்டு, உள்ளே என்ன எழுதியிருந்தது என்பதை அது லீவுக்கு வரும்போது சொன்னாலும் சரிதான்.

நைட் ஷிப்ட் போகும் தகப்பனாருக்கும் இதில் பங்கு வேண்டும். பஸ் ஏறுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் போதும். அவர் உடும்பை மலை வரைக்கும் ஓட வைக்கட்டும். அம்பாள் பிடிப்பதை நீங்கள் சொல்லி முடியுங்கள்.

சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் படியேறியும் போகலாம்; வாகனத்திலும் போகலாம். மார்ச் மாதவாக்கில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்குக் கர்நாடகம், ஆந்திரத்திலிருந்தெல்லாம் கூட்டம் வரும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் சாதாரண நாளில் போவது நல்லது. உடும்புக் கதையை முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள். மலையில் ஏறும்போது பாறை இடுக்கையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வரும் குழந்தை. 'சீக்கிரம் வா' என்று அவசரப்படுத்தாமல் கொஞ்சம் கூடவே நில்லுங்கள்.