இருவர், தனியாக

2016 பிப்ரவரியில், ஈக்வடாரின் மொன்தானியீதா என்ற கடற்கரை ஊரில், குறைந்த காசில் முதுகுப்பையோடு ஊர் சுற்ற வந்த இரண்டு அர்ஜென்டினப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவருக்கு 21 வயது, மற்றவருக்கு 22. ‘தனியாகப் பயணம் செய்தவர்கள்’ என்று செய்திகள் வந்தன. இருவர் எப்படித் தனியாவார்கள்? தமிழில் ‘தனியாக’ என்ற சொல்லுக்குப் பால் வேறுபாடு கிடையாது. ஆனாலும் நாலு பெண்கள் சேர்ந்து கிளம்பினால்கூட ‘தனியாவா போறீங்க?’ என்றுதான் கேட்கிறார்கள்.

1952இல் சே குவேராவும் அல்பெர்தோ கிரனாதோவும் இதே கண்டத்தைச் சுற்றினார்கள். அவர்களும் அர்ஜென்டினர்கள்தான். கையில் காசில்லை. அந்நியர் வீட்டில் சாப்பாடு, கிடைத்த இடத்தில் தூக்கம், சிலியில் கப்பலில் ஒளிந்து பயணம். அந்த இல்லாமைதான் அவர்கள் கதைக்கு ருசி. நானும் ரசித்துப் படித்தவள்தான்.

அந்நியர் தரும் இடத்தில் தங்குவது அவர்களுக்கு அனுபவம், இவர்களுக்கு அசட்டுத்தனம் என்றானது எப்படி? பஸ் நிலையத்தில் இரவைக் கழித்து ஓர் ஆண் காசை மிச்சம் பிடிக்கிறான். தாழ்ப்பாள் உள்ள அறைக்காக ஒரு பெண் கொடுக்கும் பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? வசதிக்காகக் கொடுப்பதில்லை அது. பிறர் தன்னைத் தொடாமலிருக்க அவள் கட்டும் வரி. கட்ட முடியாதவள் வீட்டிலேயே இருக்கட்டும் என்பதை அக்கறை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கொலைக்குப் பின் பராகுவே மாணவி ஒருவர், கொல்லப்பட்ட பெண்ணே பேசுவதாக ஒரு கடிதம் எழுதினார். அது கண்டமெங்கும் பரவியது. பெண்கள் இணையத்தில் ‘வியாஹோ சோலா’ என்று எழுதத் தொடங்கினார்கள்: தனியாகப் பயணிக்கிறேன்.