காட்டப்படாத எக்ஸ்ரே

இரண்டு மாத ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியை எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அதன் இடுப்பு எப்படி அமையப்போகிறது என்று சொல்ல முடியாது. ஹிப் டிஸ்பிளேசியா எனப்படும் இடுப்பு மூட்டுக் குறைபாடு பிறந்தவுடன் கண்ணுக்குத் தெரிகிற ஊனமல்ல. குட்டி வளர வளர, தொடை எலும்பின் உருண்டைத் தலை குழிக்குள் இறுகப் பொருந்தாமல் தளர்ந்து ஆடுகிறது. குருத்தெலும்பு தேய்கிறது, குழி தட்டையாகிறது, கடைசியில் மூட்டுவாதம் வருகிறது. பின்னங்கால்களைச் சேர்த்துவைத்து முயல்போல் ஓடுவதையும், படுத்தால் எழத் தயங்குவதையும் வீட்டார் கவனிக்கும் நேரத்தில், குட்டியை விற்றவர் பணத்தை எண்ணி வாங்கி மாதங்கள் பல ஆகியிருக்கும். வலி நாய்க்கு. செலவும் மனவேதனையும் வாங்கியவருக்கு. எந்த நாயை எதனுடன் சேர்ப்பது என்று முடிவெடுத்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மருத்துவப் பிரச்சினை அறப்பிரச்சினையாகும் இடம் இதுதான்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லக்கூடிய காலம் போய்விட்டது. அமெரிக்காவில் ஜான் ஓலினின் முயற்சியால் 1966இல் தொடங்கிய ஓஎஃப்ஏ என்ற அமைப்பு, இரண்டு வயது நிறைந்த நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேக்களை மூன்று வல்லுநர்களிடம் தனித்தனியே காட்டி ஏழு படிகளில் தரம் பிரிக்கிறது. முதல் மூன்று படிகள் தேர்ச்சி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கெயில் ஸ்மித் உருவாக்கிய பென்ஹிப் முறையில், 16 வாரக் குட்டியிடமே மூட்டுத் தளர்வை அளந்துவிடலாம். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் இதற்கென முறையான திட்டங்கள் இருக்கின்றன.

ஆனாலும் நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்கும் பிரீடர்கள் ஒரு வாதம் வைப்பார்கள்: நல்ல இடுப்புள்ள தாய்க்கும் தந்தைக்கும் மோசமான இடுப்போடு குட்டி பிறக்கிறதே, பிறகு எக்ஸ்ரே படம் எதற்கு? இதில் உண்மை இருக்கிறது. ஒரே ஒரு மரபணுவால் வருகிற நோயல்ல இது. பல மரபணுக்கள் சேர்ந்து உண்டாக்குவது. வளர்ப்புக்கும் பெரிய பங்குண்டு. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வில், ஒரே ஈத்தில் பிறந்தவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு தந்தார்கள். குறைவாகத் தின்றவற்றுக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம் குறைவாகவும் தாமதமாகவும் வந்தது. ஆயுளும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடியது. ஆக, குட்டியைக் கொழுக்க வைத்தவருக்கும் பொறுப்பு உண்டுதான். அதைக் காட்டி பிரீடர் தன் பங்கைக் கழற்றிவிட முடியாது. தளர்ந்த மூட்டைக் கொடுத்தது அவர் செய்த தேர்வு. அதன் மேல் எடையை ஏற்றியது வாங்கியவர் வைத்த சோறு.

தேர்வு பலன் தரும் என்பதற்கும் சான்று உண்டு. பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கும் சீயிங் ஐ நிறுவனம், நியூ ஜெர்சியில் தன் ஜெர்மன் ஷெப்பர்டுகளை ஐந்து தலைமுறைக்கும் குறைவான காலம் கவனமாகத் தேர்ந்தே, பாதிக்கு மேற்பட்ட நாய்களுக்கு இருந்த பாதிப்பைக் கால் பங்கு அளவுக்குக் கொண்டுவந்தது. அங்கே நாய்களெல்லாம் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தன. மோசமான முடிவை மறைப்பதால் யாருக்கும் லாபம் இல்லை.

வெளிச்சந்தையில் லாபம் உண்டு. ஓஎஃப்ஏவில், தேர்ச்சி பெறாத முடிவு உரிமையாளர் ஒப்புக்கொண்டால்தான் பொதுவில் வெளியாகும். மோசமாகத் தெரிகிற படத்தை அனுப்பாமலே விட்டுவிடவும் வழி இருக்கிறது. அதனால் பட்டியலில் தேறியவை மட்டும் வரிசையாக நிற்கும். தேறாத உடன்பிறப்புகள் எங்கும் தென்படா. பல மரபணு நோயில் ஒரு நாயின் படத்தைவிட அதன் உடன்பிறப்புகளின் படங்கள் சேர்ந்துதான் அதிகம் சொல்லும். ஆகவே ஒரு படத்தை ஒளிப்பவர் தன் நாயின் குறையை மட்டும் ஒளிப்பதில்லை. அந்த வம்சத்தில் நாளை குட்டி எடுக்கப்போகிற எல்லோரையும் தவறான வழியில் அனுப்புகிறார். பரிசோதனையே செய்யாத அலட்சியத்தைவிட, செய்து பார்த்துவிட்டு மறைப்பது பெரிய குற்றம். ஸ்வீடனில் நல்லதும் கெட்டதும் கென்னல் கிளப்பின் பொதுப் பதிவில் ஏறிவிடுகின்றன. பென்ஹிப்பில் எடுத்த படம் எப்படி இருந்தாலும் அனுப்பியே ஆகவேண்டும். இந்த இரண்டும்தான் சரியான வழி.

அப்படியானால் லேசான குறை இருந்தாலும் அந்த நாயை ஒதுக்கிவிட வேண்டுமா? இது கடினமான கேள்வி. எண்ணிக்கை குறைந்த இனத்தில் படத்தை மட்டுமே பார்த்துக் கழித்துக்கொண்டே போனால், மிஞ்சும் சில நாய்களே எல்லாக் குட்டிகளுக்கும் மூதாதையாகி, இதய நோயோ கண் நோயோ வேறு வாசல் வழியாக உள்ளே வரும். நல்ல சுபாவமும் உறுதியான இதயமும் கொண்ட பெட்டை ஒன்றின் இடுப்பு சற்றுக் குறைவாக இருந்தால், உடன்பிறப்புகளும் நன்றாக இருக்கிற, சிறந்த இடுப்புள்ள ஆணோடு சேர்ப்பது தவறாகாது. ஒரு நிபந்தனை: படம் பொதுவில் இருக்க வேண்டும், குட்டி வாங்குகிறவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். மறைக்காதவருக்கு மட்டுமே இந்த விட்டுக்கொடுத்தல் பொருந்தும்.

இடுப்பு சரியில்லாத குட்டி நொண்டினாலும் அதற்கு ஒரு வாழ்க்கை கிடைத்ததே, அந்தச் சேர்க்கை நடக்காவிட்டால் அந்தக் குட்டியே இருந்திருக்காதே என்று சிலர் கேட்பார்கள். பிறந்துவிட்ட நாயை எப்படி நேசிக்க வேண்டும் என்பதற்கு இந்த வாதம் உதவலாம். பிறப்பதற்கு முன் எடுக்கிற முடிவுக்கு உதவாது. அப்போது குறிப்பிட்ட ஒரு குட்டி யார் முன்னாலும் காத்திருக்கவில்லை. இந்தப் பெட்டையை எந்த ஆணோடு சேர்ப்பது என்ற தேர்வுதான் இருக்கிறது. வலி குறைந்த வழி கையில் இருக்கும்போது வலி மிகுந்ததைத் தேர்ந்தவர், பிறந்த உயிரின் நன்றியைத் தனக்குச் சாதகமான சாட்சியாகக் காட்ட முடியாது.

படம் மோசமாக வந்த நாய்க்குக் கருத்தடை செய்து, எடை ஏறவிடாமல், அதை வீட்டு நாயாக நன்றாக வாழவைக்கலாம். படம் எடுப்பதற்குள் ஓர் ஈத்து பிறந்து குட்டிகள் விற்கப்பட்டிருந்தால், அவற்றை வாங்கிய ஒவ்வொருவருக்கும் பிரீடர் உடனே தகவல் சொல்ல வேண்டும்: தாயின் இடுப்பு சரியில்லை, குட்டியின் உடம்பைக் கட்டுக்குள் வையுங்கள், வயது வந்ததும் படம் எடுத்துப் பார்க்காமல் குட்டி எடுக்காதீர்கள், வந்த முடிவை எனக்கும் சொல்லுங்கள்.