சின்னப்பர் என்னும் பெயர்

பெயர் என்பது பொருளைச் சுட்டும் சொல் என்று இலக்கணம் கூறும். மனிதருக்கு இட்ட பெயரோ சுட்டுவதோடு நிற்பதில்லை. அவரை எந்த உயரத்தில் வைத்து நோக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. இதனை ஆராய, நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழரிடையே எளிதாகக் காதில் விழும் ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். அது சின்னப்பன் என்பதாகும்.

இப்பெயர் எல்லாச் சமயத்துத் தமிழருக்கும் உரியதே. ஆயினும் கத்தோலிக்கக் குடும்பத்தில் அது வழங்கும்போது அதன் வேர் பழைய உரோமாபுரியில் இருக்கிறது. 'பவுலுஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறியவன் என்பது பொருள். எமிலியர் என்னும் உயர்குடியின் ஒரு கிளையினர் இதனைத் தம் குடும்பப் பெயராகவே கொண்டிருந்தனர். கி.மு. 216இல் கன்னே போர்க்களத்தில் மடிந்த உரோமத் தலைவர் ஒருவர் அப்பெயரினர், கி.மு. 168இல் பித்னா என்னுமிடத்தில் மக்கெதோனிய மன்னனை முறியடித்தவர் அவருடைய மகன். தோற்ற மன்னனைத் தம் வெற்றி ஊர்வலத்தில் நடத்திச் சென்றவர் பெயர் சிறியவர்! ஆட்சியும் செல்வமும் உடையவருக்கு இத்தகைய பெயர் ஒரு சுமையன்று, அணிகலனாகவும் அமைந்துவிடும்.

அதே பெயரைத் தாங்கிய மற்றொருவர் கூடாரம் செய்து பிழைத்த யூதர். அவருடைய எபிரேயப் பெயர் சவுல். இசுரயேலின் முதல் மன்னனும் அப்பெயரினன். மக்கள் அனைவரினும் தோளும் தலையும் உயர்ந்து நின்றவன் என்று விவிலியம் அவனை வருணிக்கிறது. உரோமக் குடியுரிமை பெற்றிருந்த அவருக்குப் பவுலுஸ் என்ற பெயரும் இருந்தது. மனமாற்றத்தின்போதே பெயரும் மாறியது என்று பலர் எண்ணுவர். திருத்தூதர் பணிகள் நூலோ சைப்பிரசுத் தீவில் அவர் பணியாற்றிய இடத்தில்தான் இரு பெயரையும் இணைத்துக் கூறுகிறது. நெடிய மன்னனின் பெயரை விடுத்துச் சிறியவன் என்னும் பெயராலேயே அவர் பின்னர் விளங்கினார். அதில் ஒரு பணிவைப் பிற்கால உரைகாரர் கண்டனர். அது அவரே விரும்பி ஏற்ற சிறுமை என்பதை நாம் மறக்கலாகாது.

தமிழகக் கத்தோலிக்கர் புனிதர் பெயர்கள் சிலவற்றை ஒலிபெயர்த்தனர், சிலவற்றைப் பொருள்பெயர்த்தனர். அந்தோனியுஸ் என்னும் உரோமக் குடிப்பெயர் அந்தோணி ஆயிற்று. முடி என்னும் பொருளுடைய ஸ்தேவான் முடியப்பர் ஆனார். நிலைகுலையாதவன் எனப் பொருள்படும் கான்ஸ்டன்டைன் என்ற பெயரோடு வந்த பெஸ்கி பாதிரியார் தைரியநாதர் ஆகிப் பின் வீரமாமுனிவர் ஆன வரலாறு மாணவர் அறிந்ததே. பவுலுஸோ சின்னப்பர் ஆனார். இங்கேதான் தமிழ் ஒரு நுட்பமான செயலைச் செய்தது. 'சின்ன' என்று சிறுமையை மொழிபெயர்த்த கையோடு, இலத்தீனில் இல்லாத 'அப்பர்' என்பதையும் சேர்த்தது. சிறியவர், ஆனால் தந்தை. அதிலும் 'ர்' என்னும் பலர்பால் விகுதி பெற்ற தந்தை.

இந்த விகுதியின் அருமை தோட்டத்து வாழ்வை அறிந்தோர்க்கு நன்கு விளங்கும். அங்கே நிருவாகி பெரிய துரை. அவருடைய துணைவர் சின்ன துரை. 'சின்ன' என்ற சொல் அங்கு எவரையும் தாழ்த்தவில்லை, துரை என்பது காத்து நின்றது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது எழுந்த சின்னான், குப்பன், கருப்பன் என்னும் பெயர்களுக்கு அத்தகைய காவல் இல்லை. பிள்ளை தங்க வேண்டும் என்ற ஏக்கத்தில் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்று பெயரிட்ட தாயும் உண்டு. அப்பெயரில் கண்ணீர் உண்டே தவிர இழிவில்லை. ஆனால் தமிழகச் சிற்றூர்களில் ஒடுக்கப்பட்டோர் தம் மக்களுக்குப் பெருமையான பெயர் சூட்டுதலே குற்றமாகக் கருதப்பட்ட காலமும் இருந்தது. அந்தப் பெயர்களும் கப்பலேறி வந்தன. கிராணியின் செக்ரோலில் ஆங்கில எழுத்தில் பதிவாயின. தாய் கொஞ்சி அழைத்த பெயரையே தண்டல் அதட்டி அழைத்தபோது, ஒலி ஒன்றாக இருந்தும் சொல் வேறாகிவிட்டது.

பணிவு உயர்ந்த பண்பாயிற்றே, சிறியவன் என்று அழைக்கப்படுவதால் என்ன குறை என்று வினவுவோர் உளர். வள்ளுவரும் அடக்கமுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார் என்பர். அடக்கம் உடைமை எனப்பட்டது. உடையவனே அதற்கு உரியவன். பிறன் ஒருவன் தலையில் ஏற்றிவைக்கும் சிறுமையை அடக்கம் என்று போற்றுவது, பசித்தவனை நோன்பாளி என்று பாராட்டுவதை ஒக்கும். எனவே, பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியிலும் பின்னர் 1954இலும் மலாயா வந்துசென்ற காலத்தில் பரவிய தன்மான உணர்வால், தோட்டப் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுக்கு இளங்கோ என்றும் அறிவழகன் என்றும் பெயரிட்டதை வெறும் மோகம் என்று ஒதுக்க இயலாது. முன்னோர் பெயர் மறைகிறதே என்று வருந்தியவர்களின் வருத்தமும் பொய்யன்று. ஆயினும் பெயரைச் சுமந்தவர் வருந்துவதும், அதைக் கேட்டவர் வருந்துவதும் ஒரே நிறையுடையன அல்ல என்பதே என் கருத்து.

சின்னப்பர் என்ற பெயரின் பயணம் இன்னும் முடியவில்லை. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அவர் பவுல் ஆகிவிட்டார். சிரம்பானில் 1899இல் தொடங்கிய செயின்ட் பால் பள்ளியோ ஆங்கில ஒலியில் அவரைப் பால் என்கிறது. இரப்பர்த் தோட்டத்தில் பால் என்றால் மரத்தின் பால். அதைச் சுமந்த தோள்களுக்கு இந்தப் பெயர்ப்பொருத்தம் சிறு புன்னகையைத் தந்திருக்கக்கூடும். தந்தை சின்னப்பன், மகன் பால் என அமைந்த குடும்பத்தில், அடையாள அட்டையில் மகன் என்னும் குறியின் இருபுறமும் நிற்பது ஒரே உரோமப் பெயர்தான். அதனை அறியாமலே மகன், தந்தையின் பெயர் பழமையாக இருக்கிறது என்று கூச்சப்படுவதுண்டு. வகுப்பில் அத்தகைய மாணவன் அமர்ந்திருந்தால், பித்னாவில் வென்றவரின் பெயரையும் 'அப்பர்' என்னும் சொல்லின் மதிப்பையும் அவனுக்கு எடுத்துரைக்கத் தமிழாசிரியருக்கு ஐந்து நிமிடம் போதும்.