கதவைத் தட்டும் சகோதரியை எங்கே அனுப்புகிறோம்?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும். அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.



மதீனாவில் ஒரு ஃபஜ்ரு நேரம். தொழ வைப்பதற்காக நபி (ஸல்) அவர்கள் வீட்டை விட்டு வெளியே வருகிறார்கள். இருட்டில் வாசலருகே ஒரு பெண் நிற்கிறார். யார் என்று கேட்கிறார்கள். ஸஹ்லுடைய மகள் ஹபீபா என்கிறார். தாமும் தம் கணவரும் இனிச் சேர்ந்து வாழ இயலாது என்று முறையிடுகிறார். இது முவத்தாவில் வரும் செய்தி. அபூதாவூதில் ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு இன்னும் விவரமாகச் சொல்கிறது: கணவர் அடித்ததில் அந்தப் பெண்ணின் உடம்பில் முறிவே ஏற்பட்டிருந்தது.

அந்தக் கணவர் யார் தெரியுமா? ஸாபித் பின் கைஸ் (ரலி). அன்ஸாரிகளின் பேச்சாளர், சொர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்ற ஸஹாபி. "அவர் எவ்வளவு நல்ல மனுஷர், நீ கொஞ்சம் அனுசரித்துப் போம்மா" என்று ரஸூலுல்லாஹ் சொல்லவில்லை. கணவரை அழைத்தார்கள். மஹராகக் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடச் சொன்னார்கள். ஹபீபா (ரலி) தம் குடும்பத்தாரிடம் போய்த் தங்கினார்.

இதை இன்று ஏன் பேசுகிறேன் என்றால், என் மனதில் பல வருடங்களாக ஒரு பாரம் கிடக்கிறது. வேறொரு ஊரில் நான் இமாமாக இருந்த காலம். அஸருக்குப் பிறகு ஒரு சகோதரி கைக்குழந்தையோடு ஜமாஅத் அலுவலகத்துக்கு வந்தார். காது ஓரத்தில் வீக்கம். நிர்வாகிகள் கணவரையும் கூப்பிட்டு, இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, "என்னம்மா பிரச்சினை, சொல்லு" என்றார்கள். அடித்தவர் அருகில் இருக்கும்போது அவர் என்ன சொல்வார்? தலை குனிந்து, "ஒன்றுமில்லை" என்றார். ஸப்ருடைய சிறப்பைப் பற்றி நானும் நான்கு வார்த்தை பேசினேன். பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சமரசம் முடிந்தது என்று எல்லோரும் டீ குடித்தோம். இரண்டு மாதம் கழித்து அந்தச் சகோதரி அரசு மருத்துவமனையில் கிடப்பதாகச் செய்தி வந்தது. உயிர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலுக்கு வரவே இல்லை. ஏன் வருவார்?

ஸப்ர் என்பது நோயிலும் வறுமையிலும் இழப்பிலும் மனிதன் அல்லாஹ்விடம் காட்டும் உறுதி. அநியாயக்காரனுக்கு வசதி செய்து கொடுப்பதற்கு நாம் அந்தப் பெயரை வைத்துவிட்டோம். அந்நிஸா அத்தியாயத்தின் ஓர் ஆயத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிற சகோதரர்களும் இருக்கிறார்கள். அந்த ஆயத் யார் மீது இறங்கியதோ அவர்கள் எந்தப் பெண்ணையும் ஒருபோதும் கையால் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) சாட்சி சொல்லியிருக்கிறார்கள். முஸ்லிமில் பதிவான செய்தி இது.

இன்னொரு தயக்கம் பெண்களிடமே இருக்கிறது. "கணவனைப் பற்றி வெளியே சொன்னால் புறம் பேசிய பாவம் வருமா ஹஜ்ரத்?" என்று கேட்கிறார்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களைப் பெண் கேட்டு வந்தவர்களில் அபூ ஜஹ்மும் ஒருவர். அவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்று நபி (ஸல்) அவர்களே வெளிப்படையாகச் சொல்லி எச்சரித்தார்கள். அநியாயத்தை நீக்கக்கூடியவரிடம் முறையிடுவது புறம் பேசுவதில் சேராது என்று உலமாக்கள் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, யாரிடம் முறையிடுவது?

சகோதரிகளே, 181 என்ற எண்ணை மனதில் பதிய வையுங்கள். பெண்களுக்கான உதவி எண். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. அடி விழுந்துகொண்டிருக்கும் ஆபத்தான நேரம் என்றால் 112. உங்கள் கைபேசியைக் கணவர் சோதிப்பார் என்றால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைபேசியிலிருந்து பேசுங்கள். உங்கள் கைபேசியில்தான் பேச வேண்டியிருந்தால், பேசிய எண்ணைப் பட்டியலிலிருந்து அழித்துவிடுங்கள். ஆதார் அட்டை, நிகாஹ் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்து வைப்பது நல்லது.

வீட்டை விட்டு வெளியேறினால் இரவு எங்கே தங்குவது என்ற பயம்தான் பலரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒருங்கிணைந்த சேவை மையம் என்று ஒன்று மாவட்டங்களில் இருக்கிறது. மருத்துவம், காவல் உதவி, வழக்கறிஞர், மனநல ஆலோசனை எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். ஐந்து நாட்கள் வரை தங்கவும் இடம் தருவார்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் காப்பகத்துக்கு வழிகாட்டுவார்கள். 181-ல் பேசினால் உங்களுக்கு அருகிலுள்ள மையத்தைச் சொல்வார்கள்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்தது. எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொருந்தும். மனைவி மட்டுமல்ல, மகனிடம் அடி வாங்கும் தாயும், அண்ணனிடம் அவதிப்படும் தங்கையும் இதில் முறையிடலாம். அடி மட்டுமல்ல, ஓயாத வசவும், செலவுக்குக் காசு தராமல் வதைப்பதும் வன்முறை என்கிறது சட்டம். இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் அவரைப் பார்க்கலாம். உங்கள் முறையீட்டை அவர் எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். வாழும் வீட்டிலிருந்து உங்களைத் துரத்தக்கூடாது, உங்களை நெருங்கக்கூடாது, செலவுக்குப் பணம் தர வேண்டும் என்றெல்லாம் நீதிமன்றம் உத்தரவிட முடியும். உத்தரவு போட்டால் உடனே தலாக் ஆகிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி எதுவும் இல்லை.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு, பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அதன் உதவி எண் 15100.

கோர்ட்டுக்குப் போவது தீனுக்கு விரோதம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 1930-களில், கொடுமைக்காரக் கணவனிடமிருந்து விடுபட வேறு வழியில்லாமல் நம் பெண்களில் சிலர் இஸ்லாத்தை விட்டே வெளியேறினார்கள். அதைப் பார்த்துப் பதறிய மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள், ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவராக இருந்தும், மாலிக்கி மத்ஹபின் தீர்வுகளை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கிதாபே எழுதினார்கள். அந்த முயற்சிகளின் தொடர்ச்சியாகத்தான் 1939-ல் முஸ்லிம் திருமணங்கள் கலைப்புச் சட்டம் வந்தது. கணவனின் கொடுமையைக் காரணம் காட்டி மனைவி நீதிமன்றத்தில் பிரிவு கேட்கலாம் என்ற உரிமை அதில் இருக்கிறது. ஆலிம்கள் வாதாடிப் பெற்றுத் தந்த கதவு அது.

ஆண்களே, அண்டை வீட்டாரே! சுவருக்கு அந்தப் பக்கம் அலறல் கேட்கும்போது டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறோமே, அதற்கும் கேள்வி உண்டு. பாதிக்கப்பட்டவர்தான் போக வேண்டும் என்பதில்லை. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது எந்த வழக்கும் வராது என்று சட்டத்திலேயே இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: "செத்தாலும் புருஷன் வீட்டிலேயே கிட" என்று சொல்லாதீர்கள். ஹபீபாவுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது.

நம் ஜமாஅத் நிர்வாகத்திடம் பேசி மூன்று விஷயங்களை முடிவு செய்திருக்கிறோம். முறையிட வரும் பெண்ணிடம் தனியாக, இன்னொரு பெண்ணை வைத்துத்தான் பேசுவோம். எங்கே தங்கியிருக்கிறார் என்பதை அவருடைய அனுமதியில்லாமல் யாரிடமும் சொல்ல மாட்டோம், கணவரின் வாப்பா வந்து கேட்டாலும் சரி. காயத்தோடு வந்தால் பஞ்சாயத்து பேசுவதற்கு முன் மருத்துவமனைக்கு அழைத்துப் போவோம். ஆட்டோ செலவு பைத்துல்மாலிலிருந்து. இந்த எண்களை எழுதிப் பெண்கள் உளூ செய்யும் இடத்தில், ஆண்கள் கண்ணில் படாத சுவரில், இன்று காலை ஒட்டியாகிவிட்டது.

யா அல்லாஹ், உன்னை நம்பி எங்கள் வாசலுக்கு வந்தவர்களை நாங்கள் திருப்பி அனுப்பியதை மன்னிப்பாயாக. இன்று இரவு பயத்தோடு கதவைத் தாழிட்டுக்கொண்டு இருக்கும் சகோதரிகளுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் நீ பாதுகாப்பாக இருப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.