வைரம் பாயும் காலம்

செட்டிநாட்டின் கானாடுகாத்தான். பிற்பகல். தெருவில் வெயில் காய்கிறது.

முகப்புத் தூணில் கை வைக்கிறேன். சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. தோள் உயரத்துக்குக் கீழே மரம் கறுத்து மினுங்குகிறது. கை பட்டுப் பட்டு ஏறிய மினுக்கம். அதற்கு மேலே மங்கிய பழுப்பு.

*

தூணுக்கு அடியில் கல். மரம் மண்ணைத் தொடவில்லை. தேக்கில் ஊறியிருக்கும் எண்ணெய் கறையானுக்கு ஆகாது. ஆனாலும் கல் வைத்திருக்கிறார்கள்.

*

இந்த மரம் இங்கே முளைக்கவில்லை.

*

பர்மாக் காட்டில் எடுத்த எடுப்பில் மரத்தைச் சாய்ப்பதில்லை. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரமான வெள்ளையையும், நடுமரமான வைரம் தட்டுப்படும் வரை கொத்தி எடுக்கிறார்கள். நீர் ஏறும் வழி அறுந்துபோகிறது. மரம் நின்றபடியே சாகிறது. நின்றபடியே காய்கிறது. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதற்காகத்தான்.

*

அந்த மூன்று ஆண்டில் மனம் நிற்கிறது. இலை இல்லை. நிழல் இல்லை. பறவை வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது. மரம் விழவில்லை.

*

பிறகு கோடரி. யானை. வறண்ட ஓடையில் மழைக்காகக் காத்துக் கிடக்கும் கட்டைகள். வெள்ளம். ஐராவதியில் தெப்பம். ரங்கூன். கப்பல். கடைசியில் செம்மண் பாதை, மாட்டுவண்டி.

*

வளவில் வெயில் ஒரு சதுரமாக விழுகிறது. மெல்ல நகர்கிறது. பார்க்கும்போது நகர்வது தெரிவதில்லை.

*

1930கள். உலகமெங்கும் மந்தம். பர்மாவில் நெல் விலை விழுகிறது. கடனைக் கட்ட முடியாதவர்களின் வயல்கள், கடன் கொடுத்த நகரத்தார் கைக்கு, இந்த வீடுகளைக் கட்டியவர்கள் கைக்கு வருகின்றன. 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு.

1942. ஜப்பானியப் படை. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில். கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்து.

வயல்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. வயலை இழந்த பர்மியக் குடியானவனும் அங்கேதான் இருக்கிறான். தேக்கு மட்டும் இங்கே.

*

காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு. பிரித்த வீடுகளின் சாமான்கள். சுவரில் சாய்ந்த நிலைகள். வீடு இல்லாத கதவுகள். ஒரு நிலையின் நெற்றியில் கஜலட்சுமி. யானையின் துதிக்கையில் பழைய சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது.

ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஊர் ஊராக, நாடு நாடாக இருக்கிறார்கள். ஓடு மாற்ற ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் அகப்படுவதில்லை. மழை இறங்குகிறது. பிறகு விலை பேசுகிறார்கள்.

கோபம் வருகிறது. இருக்கிறது. போகிறது.

*

பின்கட்டில் ஆசாரி பழைய உத்திரம் ஒன்றை இழைக்கிறார். மேலே கறுப்பு. ஒரு இழைப்புக்குக் கீழே தேன் நிறம். சுருள் சுருளாக உதிர்கிறது. தோல் வாடையும் எண்ணெய் வாடையும் கலந்து எழுகின்றன. நூறு வருடம் கூரைக்கடியில் கிடந்த மரத்தில் இன்னும் எண்ணெய்.

“இது இனிமே அசையாதுங்க” என்கிறார். சுருங்கவும் செய்யாது, முறுக்கவும் செய்யாது என்று பொருள்.

உளியைக் கல்லில் தீட்டுகிறார். தேக்குக்குள் மணற்சத்து உண்டு. உளி சீக்கிரம் மழுங்கிவிடும். மறுபடி தீட்டுகிறார்.

*

குன்றக்குடிப் பக்கம் ஒரு தோட்டம். தேக்கு நாற்றுப் பாத்தி.

விதையைச் சுற்றி ஓடு கெட்டியாக இருக்கிறது. இரவு தண்ணீரில். பகல் வெயிலில். மறுபடி தண்ணீர். மறுபடி வெயில். பல நாள். ஓடு மெல்லத் தளர்கிறது. அப்போதும் எல்லாம் ஒன்றாக முளைப்பதில்லை. சில இந்த வாரம். சில அடுத்த மாதம். சில முளைப்பதே இல்லை.

*

வளர்ந்த நாற்றைப் பிடுங்குகிறார்கள். தண்டை ஓர் அங்குலம் விட்டு வெட்டுகிறார்கள். பக்கவேரைக் கழிக்கிறார்கள். கையில் மிஞ்சுவது பெருவிரல் தடிமனில் ஒரு குச்சி. இலை இல்லை. உயிர் இருப்பதற்கு அடையாளமே இல்லை.

கடப்பாரையால் மண்ணில் ஒரு துளை. குச்சி உள்ளே போகிறது. சுற்றிலும் மிதித்து இறுக்குகிறார்கள்.

மழைக்குப் பிறகு துளிர்க்கிறது.

*

இளந்துளிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்குகிறேன். சிவப்பு. மருதாணியைவிடச் சிவப்பு. முற்றிய இலையோ உப்புத்தாள் போலச் சொரசொரக்கிறது.

*

இந்தச் சீமையின் மண் தேக்குக்கு எளிதல்ல. மேலே செம்மண், கொஞ்சம் தோண்டினால் செம்பூராங்கல். ஆணிவேர் கல்லில் முட்டினால் மரம் அங்கேயே சுணங்கிவிடும். தண்ணீர் தேங்கினாலும் ஆகாது. ஆழமான மண், வடியும் நீர், நல்ல வெயில். கேட்பது அவ்வளவுதான்.

தஞ்சைப் பக்கம் ஆற்றுப் படுகைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் வனத்துறை நட்டது நன்றாகவே வந்திருக்கிறது.

*

மாசி. இலைகள் விழுகின்றன. ஒவ்வொன்றும் சத்தத்தோடு விழுகிறது. சிலவற்றில் புழு தின்றுபோக நரம்பு மட்டும் மிச்சம். நரம்பின் வழியே வானம் தெரிகிறது.

*

2 மீட்டருக்கு ஒரு கன்று. ஹெக்டேருக்கு 2,500. எல்லாவற்றையும் வளர விடுவதில்லை. சில ஆண்டுகளில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கிறார்கள். இன்னும் சில ஆண்டுகளில் மறுபடி. நிற்பவை பருக்க வேண்டும்.

20 ஆண்டு மரத்தை வெட்டிப் பார்க்கிறார்கள். நடுவில் வைரம் இருக்கிறது. சுற்றிலும் வெள்ளை அகலமாக இருக்கிறது. முகப்புத் தூணில் வெள்ளையே இல்லை.

*

நிலம்பூர், சாலியாற்றங்கரை. 1840களில் மலபார் கலெக்டர் கனோலி தேக்குத் தோட்டம் போடச் சொல்கிறார். நட்டு வளர்ப்பவர் சாத்து மேனன். கப்பல் கட்ட மரம் வேண்டும் என்பது நோக்கம்.

கனோலி 1855இல் கொல்லப்படுகிறார். கன்றுகளுக்கு அப்போது பத்து வயதை ஒட்டி. அவை பருப்பதற்குள் கப்பல்கள் இரும்புக்கு மாறிவிடுகின்றன.

அந்தத் தோட்டத்தில் ஒரு பகுதியை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.