கருக்கு

மழை விட்ட ராத்திரி. அக்கா மகன் தூங்கின பிறகு அவனுடைய ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தேன். 2017-இல் வந்த ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’. நூறு வருஷத்துக்கு முன் அழிந்த ராஜ்யத்தில் நடக்கிற கதை. தண்ணீரோரம் துருப்பிடித்த வாள் ஒன்று கிடந்தது. பத்து அடி கூடத் தாங்காமல் கையிலேயே நொறுங்கிப்போனது. யாருடைய வாள் அது, எதற்காக அங்கே விட்டுப்போனார்கள்? தூக்கம் வரவில்லை.

*

1996-இல் வந்த ‘டயாப்லோ’ விளையாட்டில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஆயுள் ஓர் எண். அடிக்க அடிக்க அது குறையும். ஊர்க் கொல்லனிடம் பொற்காசு கொடுத்தால் எண் பழையபடி நிரம்பிவிடும். ஆனால் வீரன் தானே பழுது பார்த்தால் அதன் உச்ச அளவே கொஞ்சம் இறங்கிவிடும். இதைச் செய்தவர்களை மனசார வணங்குகிறேன். இரும்பின் நியாயம் இதுதான். சாணை பிடிக்கிறபோது கல்லில் பறக்கிற பொறி அத்தனையும் கத்தியின் உடம்பு. கூர் வேண்டுமென்றால் உடம்பைக் கொடுத்தாக வேண்டும்.

*

பரணில் ஆயாவின் கருக்கரிவாள். கோணிச்சாக்கில் சுற்றி வைத்திருந்தது. எங்கள் ஊர் மாங்காட்டில் அவள் நெல் அறுத்த காலத்தது. அந்த வயலெல்லாம் இப்போது மனைகள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனியிலும் அடியிலும் பல் இருக்கிறது. தாளைப் பிடித்து இழுக்கிற நடுப்பாகத்தில் பல்லே இல்லை, மழமழவென்று உள்வாங்கியிருக்கிறது. ஒவ்வொரு அறுப்புக்கு முன்னும் பட்டறையில் கருக்கு வெட்டி வாங்கி வருவாள். ஒவ்வொரு தடவையும் அலகு ஒரு நூல் குறுகும். மரப்பிடியில் கட்டைவிரல் அழுத்தி அழுத்தி விழுந்த ஒரு குழி. மேலே படிந்த துரு தொட்டால் செதிலாக உதிர்கிறது. அது ஆயா போன பிறகு வந்தது. தேய்மானம் அவளுடையது, துரு எங்களுடையது.

விளையாட்டுகளில் இரண்டையும் ஒன்றாகவே வைத்துவிடுகிறார்கள்.

*

ஔவைக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. தன் அரசன் அதியமானுக்காக, அவனுடைய பகைவன் தொண்டைமானிடம் தூது போனபோது அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. இங்கே எல்லாம் பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலோடு அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று பாடினாள். புகழ்கிற மாதிரியே தொடங்கி, அங்கேயே அவனைச் சாய்த்துவிட்டாள். அந்தத் தொண்டைமானின் ஊர் காஞ்சி என்பார்கள். எங்கள் மாங்காடு இன்றும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். ஊசி முனையில் நின்று தவமிருந்த எங்கள் காமாட்சி, இங்கிருந்துதான் காஞ்சிக்குப் போனாள் என்பது கதை.

*

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர் இரும்பு இருக்கிறது. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டி எடுத்தவை. வாள், ஈட்டி எல்லாம் இறந்தவர்களோடு புதைத்தவை. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் உப்பி, வெடித்து, விளிம்பு எது என்றே தெரிவதில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வெகுநேரம் நின்றிருக்கிறேன். இதில் கொல்லனிடம் போய்வந்தது எது, மாலை போட்டு வைத்திருந்தது எது? துரு இரண்டையும் மூடிவிட்டது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

*

காலையில் தேங்காய் எண்ணெய் தொட்டு அரிவாளைத் துடைத்தேன். நாமும் நெய் பூசி வைக்கிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டோமோ என்று கை ஒரு கணம் நின்றது. இருந்தாலும் துடைத்தேன். அந்த நடுப்பாகம் மறைந்துவிடக் கூடாது.

பையன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மாமா, இது எத்தனை அடி தாங்கும்?”

பார்த்துப் பிடிக்கச் சொல்லிக் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்தான். அவன் கட்டைவிரல் அந்தக் குழி வரைக்கும் எட்டவில்லை.